உழைப்பும் உள்ளமும்

2023-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், இன்போசிஸ் கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான ஸ்ரீ நாராயண மூர்த்தி, இத்தேசத்து வாலிபர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க முன்வரவேண்டுமென்று அபிப்பிராயம் வெளியிட்டார். இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பின் ஜெர்மானியரும் ஜப்பானியரும் தலைதூக்கியது அத்தகைய உழைப்பினால்தான் என்பது அவர் காட்டிய திருஷ்டாந்தம். 2025 ஜனவரியில் மற்றொரு பெருங் கம்பெனியின் தலைவர் அத்தொகையை ஏலத்தில் ஏற்றுவதுபோல் 90 மணியாக்கி, ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கேட்டார். இவ்விஷயத்தில் ஒரு கட்சியார் தேசத்தின் செல்வத்தைப் பேசுகின்றனர். மற்றொரு கட்சியார் தேகத்தின் ஆரோக்கியத்தைப் பேசுகின்றனர். உழைப்பவனுடைய உள்ளம் என்ன ஆகிறது என்பதைப் பேசுவோர் மிகச் சிலரே. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

உழைப்பு மனிதனுக்குச் சோறு மட்டும் அளிப்பதன்று. ஆஸ்திரியா தேசத்தில் வியன்னா நகருக்கு அருகே மரியென்தால் என்றோர் ஆலைக் கிராமம் உண்டு. உலக வியாபார மந்தத்தில் அங்கிருந்த நூலாலை மூடப்பட்டது. ஊராரில் பெரும்பாலோர் வேலை இழந்தனர். மாரீ யஹோடா முதலிய அறிஞர்கள் அவ்வூருக்குச் சென்று தங்கி, கண்டவற்றை 1933-ல் ஒரு நூலாக வெளியிட்டனர். அரசியலில் ஊக்கம் மிகுந்திருந்த அவ்வூரார் அதனைக் கைவிட்டனர். புஸ்தகம் படிக்க வேண்டிய அவகாசம் கிடைத்தும், வாசகசாலையில் வாங்கிப் படித்த புஸ்தகங்களின் தொகை குறைந்தது. போவதற்கு ஓரிடமில்லாத ஆண்கள் வீதியில் நடக்கும் நடையும் தளர்ந்தது. பொழுது முழுவதும் தம்முடையதாக இருக்க, பொழுதின் உணர்ச்சியே அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. வேலையானது நாளுக்கு ஒரு வடிவமும், கூடிப் பழகச் சிலரும், தாம் வேண்டப்படுகிறோம் என்ற எண்ணமும் தருகிறது. ஆகையால் சோம்பலுக்குப் பரிந்து பேச நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. துக்கத்தில் அமிழ்ந்தவனைக் கரையேற்றுவதும் பல சமயங்களில் வேலையேயாகும்.

ஆயினும் உழைப்பின் இன்பம் இருக்குமிடத்திலேயே அதன் அபாயமும் இருக்கிறது. இதற்கு நாம் காட்டும் சாட்சி, ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். மூன்று வயதில் கிரேக்க பாஷை கற்கத் தொடங்கியவர். தந்தையின் கண்டிப்பில் விளையாட்டறியாமல் வளர்ந்தவர். 1823-ல், தம் பதினேழாம் வயதில், லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆபீஸில் குமாஸ்தாவாக அமர்ந்தவர். ஆபீஸ் வேலை போக எஞ்சிய நேரத்தில் சீர்திருத்தக் கட்சிக்காக எழுதினார், வாதித்தார், சங்கம் நடத்தினார். 1826-ல், இருபது வயதில், அவர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: நாம் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் இக்கணமே நிறைவேறிவிட்டால் நமக்குச் சந்தோஷம் உண்டாகுமா? உண்டாகாது என்றே உள்ளம் விடையளித்தது. வாழ்க்கைக்கு அடிப்படையாகக் கட்டியிருந்ததெல்லாம் அந்த விடையில் சரிந்து வீழ்ந்தது. அப்பொழுதும் அவர் வேலையை நிறுத்தவில்லை. பழக்கத்தின் பலத்தால் இயந்திரம்போல் செய்துகொண்டே இருந்தார். அவரைத் தேற்றியது அதிக வேலையன்று. ஒரு பிரெஞ்சு ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கையில் பெருகிய கண்ணீரும், பின்னர் வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதையுமே அவரைத் தேற்றின. இவையெல்லாம் அவருடைய சுயசரிதத்தில், அவர் காலமான 1873-ம் வருஷத்தில் வெளிவந்த நூலில், காணக் கிடைக்கின்றன.

அதிகமாக உழைப்பவனை வெளியார் பார்த்து, இவன் திடமாக இருக்கிறான் என்று தீர்மானித்துவிடுகிறார்கள். மில் வேலை செய்துகொண்டிருந்தபடியால் அவர் உள்ளே வாடியதை ஒருவரும் அறியவில்லை. துக்கத்தைத் தணிக்கும் மருந்தாகிய வேலை, துக்கத்தை மறைக்கும் திரையாகவும் ஆகக்கூடும். மருந்தா திரையா என்று அறிய ஒரு பரீட்சை உண்டு. வேலையில்லாத ஒரு நாளை மனிதன் அமைதியுடன் கழிக்கிறானா, அல்லது அந்நாளைக் கண்டு அஞ்சுகிறானா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது அபாயம், உழைப்பைக் கடன் பத்திரமாக்கிக்கொள்வது. நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் இதை நன்கு அறிவார்கள். பாகப்பிரிவினை வழக்குகளில் சொத்தைவிட அதிகமாகப் பேசப்படுவது, குடும்பத்துக்காக யார் எவ்வளவு பாடுபட்டார் என்பதே. மூத்தவன் பட்ட சிரமம் மெய்தான். அச்சிரமத்தைத் தம்பிமார் கேட்டுப் பெறவில்லை என்பதும் மெய்தான். பொது வாழ்விலும் இதுவே நேர்கிறது. இரவு பகலாக ஓடியாடிய தொண்டன், முதல் வருஷத்தில் உற்சாகமாக இருக்கிறான். மூன்றாம் வருஷத்தில் தன்னைப்போல் ஓடாதவர்களைச் சோம்பேறிகள் என்கிறான். ஐந்தாம் வருஷத்தில் தன்னை நன்றி மறந்தார்கள் என்று மனம் கசந்து விலகுகிறான். ஊராருக்கு அனுப்பாத கணக்கை மனத்துக்குள் எழுதி வைத்து, அது தீர்க்கப்படவில்லையென்று கோபிப்பதில் நியாயமில்லை. தானில்லாவிடில் சங்கமே வீழ்ந்துவிடுமென்று நினைப்பவன், சங்கத்தில் வேறொருவனும் வளராதபடி செய்துவிடுகிறான்.

குடியானவன் மணிக்கணக்குப் பார்க்கிறானா என்று கேட்பார் உளர். பார்ப்பதில்லை, உண்மை. ஆனால் அவன் உழைப்புக்குப் பருவமுண்டு. அறுவடைக்குப் பின் ஓய்வுண்டு. விளைந்தது கண்முன் களத்தில் குவிகிறது. பிறர் வகுத்த நேரத்தில், பிறர் லாபத்துக்கு உழைப்பவன் நிலை வேறு. 1918-ல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் ஸ்ரீ பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோர் துணையுடன் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது, உணவு இடைவேளை போதாது என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று. 1919-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் செய்த முதல் ஒப்பந்தமே, ஆலை வேலைக்கு நாள் 8 மணி, வாரம் 48 மணி என்று வரம்பு கட்டியது. 1948-ல் சுதந்திர இந்தியா இயற்றிய பாக்டரி சட்டமும் வாரம் 48 மணி என்றே விதித்தது. அவ்வளவு போராடிப் பெற்ற வரம்பைத் தேசபக்தியின் பெயரால் விட்டுக்கொடு என்பது விசித்திரமான கோரிக்கையாகும்.

திருஷ்டாந்தமாகக் காட்டப்பட்ட ஜப்பானைப் பாருங்கள். மிகை உழைப்பால் மாளுவதைக் குறிக்க அந்நாட்டு பாஷையில் ‘கரோஷி’ என்று ஒரு தனிச்சொல்லே உண்டாயிற்று. அதனைத் தடுக்க 2014-ல் ஜப்பானியப் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 2018-ல் செய்த மற்றொரு சட்டம், மிகைநேர வேலை பொதுவாக மாதம் 45 மணியைத் தாண்டலாகாது என்று வரையறுத்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, வாரம் 35 முதல் 40 மணி உழைப்போரைவிட 55 மணிக்குக் குறையாமல் உழைப்போருக்குப் பக்கவாதம் காணும் அபாயம் 35 சதவிகிதம் அதிகம். இருதய நோயால் மாளும் அபாயம் 17 சதவிகிதம் அதிகம்.

இனிக் கணக்கையும் பார்ப்போம். வாரம் 70 மணி என்றால், ஆறு நாட்களில் நாளொன்றுக்கு 11 மணி 40 நிமிஷம். போக வர 2 மணி, தூங்க ஏழரை மணி நீக்கினால், எஞ்சுவது மூன்று மணிக்கும் குறைவு. அதற்குள் குளிக்க வேண்டும், உண்ண வேண்டும், பெற்றோருடன் பேச வேண்டும், குழந்தையின் முகம் பார்க்க வேண்டும். பத்திரிகை படிக்கவும், பொதுக்கூட்டத்துக்குப் போகவும், ஊர்க் காரியத்தைக் கவனிக்கவும் நேரமேது? இவன் வீட்டிலில்லாத அத்தனை மணிக்கும் அங்கே ஒரு ஸ்திரீ சம்பளமின்றி உழைத்தாக வேண்டும். அவளுடைய மணிகளை எந்தக் கம்பெனித் தலைவரும் எண்ணுவதில்லை. தேசத்துக்காக உழை என்று சொல்லி, பிரஜையாக இருப்பதற்கு வேண்டிய அவகாசத்தைப் பறித்துக்கொண்டால், தேசத்துக்குக் கிடைப்பது கூலியாள், பிரஜையல்ல.

திருவள்ளுவர் மடியின்மைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். வலியறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னவற்றை மேடைகளில் கேட்கிறோம். பின்னதையும் கேட்க வேண்டும். வேலை நேரத்தின் வரம்பைச் சட்டம் காக்கட்டும். அதனைத் தளர்த்தும் முயற்சி எக்கட்சி ஆட்சியில் வந்தாலும் தொண்டர்கள் எதிர்ப்பார்களாக. தம்மளவில் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாளைப் பயனொன்றும் கருதாமல் விட்டுவைப்பார்களாக. தான் இல்லாமலும் காரியம் நடப்பதை அந்நாளில் காண்பவன், மறுநாள் கசப்பின்றி வேலைக்குத் திரும்புவான்.