"ஒரு நாள் தானே!" - தேங்க்ஸ்கிவிங் மேசையில் சொல்லக்கூடாத வாக்கியம்

1) நவம்பர் மாதத்தின் 4ஆவது வியாழக்கிழமை. அமெரிக்கா முழுக்க தேங்க்ஸ்கிவிங் விருந்து. வான்கோழி, ஸ்டஃபிங், கிரேவி, பூசணிக்காய் பை என்று மேசை நிறைந்திருக்கும். சர்க்கரை நோய் உள்ள அப்பா, இதய நோய் உள்ள பாட்டி "எனக்குப் போதும்"னு தட்டை நகர்த்துவாங்க. உடனே அன்பா ஒரு குரல் வரும்: "ஒரு நாள் தானே, சாப்பிடுங்க."

இந்த இழை அந்த வாக்கியத்துக்கு எதிரானது.

2) முதல்லயே சொல்லிடுறேன். விருந்து வேண்டாம்னு சொல்ல வரல. வருஷத்துல ஒரு நாள் குடும்பம் மொத்தமும் ஒரே மேசையில் உட்காருவது நல்ல விஷயம். வான்கோழியும் நல்ல உணவுதான். தோல் நீக்கிய நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, புரதம் அதிகம்.

என் கோபம் உணவு மேல இல்ல. அந்த வாக்கியம் மேல.

3) இந்த விருந்துக்கு நாம போடுற திட்டத்தைப் பாருங்க. உறைந்த வான்கோழியை ஃப்ரிட்ஜில் வைத்து இளக்க, 4 முதல் 5 பவுண்டுக்கு 24 மணி நேரம் ஆகும். 16 பவுண்டு பறவைன்னா கிட்டத்தட்ட 4 நாள். அதனால ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரிட்ஜுக்குள்ள போயாகணும். ஓவன் எத்தனை மணிக்கு, பை யார் கொண்டு வர்றாங்க, நாற்காலி எத்தனை, எல்லாத்துக்கும் வாட்ஸப் குரூப்ல லிஸ்ட் இருக்கு.

அந்த மேசையில் உட்காரப் போறவங்க எத்தனை மணிக்கு என்ன மாத்திரை போடுறாங்க என்று அந்த லிஸ்ட்டில் ஒரு வரி இருக்கா?

பறவைக்கு 4 நாள் திட்டம். மனுஷங்களுக்கு "ஒரு நாள் தானே".

4) சரி, உண்மையிலேயே அது ஒரு நாள் தானா?

வியாழன் விருந்து. வெள்ளி மிச்ச வான்கோழியில் சாண்ட்விச். சனி எலும்பில் சூப்பும் மிச்ச பையும். ஞாயிறு இன்னொரு நண்பர் வீட்டில் இன்னொரு விருந்து. கணக்கு போட்டா 4 நாள். நம்ம ஆட்களுக்கு தீபாவளிப் பலகாரம் முடிஞ்ச கையோட இது. இது முடிஞ்சா கிறிஸ்துமஸ். ஒவ்வொண்ணும் "ஒரு நாள் தானே".

5) அதை விட முக்கியமானது, சில உடம்புகளுக்கு ஒரே ஒரு வேளை போதும்.

இதயச் செயலிழப்பு, அதாவது ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவரை எடுத்துக்கோங்க. அவருக்கு எதிரி இனிப்பு கிடையாது. உப்பு. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 2300 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். அது சுமார் ஒரு டீஸ்பூன் உப்பு. காலையிலிருந்து இரவு வரை சாப்பிடுகிற எல்லாத்துலயும் சேர்த்துதான் அந்த ஒரு டீஸ்பூன்.

6) இந்த மேசையில் உப்பு எங்கே இருக்கு?

பறவையிலேயே இருக்கு. கடையில் விற்கிற பல வான்கோழிகளில் உப்புக் கரைசலை ஏற்றித்தான் விற்கிறார்கள். லேபிளைத் திருப்பிப் பாருங்க, எத்தனை சதவீதம்னே போட்டிருக்கும். அதை வீட்டிலும் ஒரு ராத்திரி உப்புத் தண்ணியில் ஊறப் போடுறோம். ஸ்டஃபிங்கில் டின் சூப் தண்ணி, கிரேவியில் அதே, பீன்ஸ் கேசரோலில் டின் காளான் சூப், பக்கத்துல ஹாம், ரொட்டி, ஊறுகாய்.

எதுவுமே நாக்குக்கு உப்புக் கரிக்காது. அதுதான் ஆபத்து.

7) அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்த நாளங்களில் நீர் அளவு ஏறும். பலவீனமான இதயத்தால் அதைத் தள்ள முடியாது. நீர் நுரையீரலில் தேங்கும். ராத்திரி படுத்தா மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தா கொஞ்சம் தேவலை. இதை "அதிகமா சாப்பிட்டதால கேஸ்"னு நினைச்சு சோடா குடிச்சிட்டு விடியும் வரை காத்திருக்கிறவங்க இருக்காங்க.

காத்திருக்காதீங்க. ஒரே நாளில் 2-3 பவுண்டு எடை ஏறினாலோ, ஒரு வாரத்தில் 5 பவுண்டு ஏறினாலோ டாக்டரைக் கூப்பிடணும். படுக்க முடியாத மூச்சுத்திணறல்னா 911.

8) அடுத்து சர்க்கரை நோய். "பை சாப்பிட்டா சுகர் ஏறிடும்"னு எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த விருந்தில் நான் அதிகம் பயப்படுவது சுகர் இறங்குவதைப் பற்றி.

எப்படி? இதுக்குப் பேரு டின்னர். ஆனா பல வீடுகளில் சாப்பிடுவது மதியம் 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவுல. பறவை வேகலைன்னா இன்னும் தள்ளிப் போகும். "மத்தியானம் பெரிய விருந்து இருக்கே"ன்னு காலையில் ஒரு காபியோட நிறுத்திடுவாங்க. மாத்திரையை மட்டும் மறக்காம போட்டுடுவாங்க.

9) ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாக்களில் நிறைய பேர் கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரையோ, காலை இரவு இரண்டு வேளை மிக்ஸ்டு இன்சுலினோ எடுக்கிறவங்க. இந்த மருந்துகளுக்கு விருந்து எத்தனை மணிக்குன்னு தெரியாது. சாப்பாடு வந்தாலும் வரலைன்னாலும் அது தன் வேலையைச் செய்யும்.

மதியம் 1 மணிக்கு வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. சோபாவில் "சும்மா அசதி"ன்னு சாய்ஞ்சிருக்கார். வீடு முழுக்க ஆள். டிவியில் ஃபுட்பால். யாரும் கவனிக்கல.

10) செய்ய வேண்டியது எளிது. காலை உணவும் மதியம் வழக்கமான நேரத்துச் சாப்பாடும் கட்டாயம். விருந்து நேரத்தை முதல் நாளே அவங்களுக்குச் சொல்லுங்க. மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றணும்னா அவங்க டாக்டரைக் கேட்டுத்தான்.

சுகர் 70க்குக் கீழே போனா அரை கப் பழச்சாறு, அல்லது ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. அந்த நேரத்துல பை கொடுக்காதீங்க, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீங்க. 911.

11) சைவம் சாப்பிடும் பெற்றோர் நிலைமை இன்னும் மோசம். ஸ்டஃபிங்கில் கோழிச் சூப், கிரேவி முழுக்க கறி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு மேல உருகியிருக்கும் மார்ஷ்மெல்லோவில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின். கடைசியில் அவங்க தட்டுல மிஞ்சுவது ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு, சோளம், பை. எல்லாமே மாவுச்சத்து. புரதம் பூஜ்யம்.

இதை ஒருத்தர் அமைதியா சாப்பிட்டு முடிச்சா, "பாருங்க, அம்மா நல்லா சாப்பிட்டாங்க"ன்னு சந்தோஷப்படுறோம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் கொஞ்சம் பன்னீரும் அந்த மேசையில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

12) சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உருளை, சர்க்கரைவள்ளி, பூசணி மூணுமே பொட்டாசியம் அதிகம் உள்ளவை. பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும். இன்னொரு எச்சரிக்கை: "உப்பு ஆகாதாமே"ன்னு கரிசனத்தோட உப்புக்குப் பதிலா விற்கும் பொடியை வாங்கிப் போடாதீங்க. அதுல பலவும் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரக நோயாளிக்கு அது உப்பை விட ஆபத்து.

மதுவும் ஒரு வரி. விடுமுறைகளில் அளவு மீறிக் குடித்தபின் வரும் இதயத் துடிப்புக் கோளாறுக்கு "ஹாலிடே ஹார்ட்" என்று 1978இலேயே மருத்துவ இதழில் பெயர் வைத்துவிட்டார்கள். பண்டிகை பெயரிலேயே ஒரு நோய் இருக்கு, யோசிங்க.

13) இதையெல்லாம் சொன்னா அடுத்த வாக்கியம் தயாரா வரும்: "டாக்டர், இது பாரம்பரியம். மெனுவை மாத்த முடியாது."

அப்படியா? பாரம்பரியத்தையே எடுத்துப் பார்ப்போம்.

14) 1621இல் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளும் வாம்பனோக் மக்களும் சேர்ந்து உண்ட விருந்தைத்தான் மூலம்னு சொல்றாங்க. அதைப் பற்றி எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் வேட்டையாடிய பறவைகள் உண்டு, வாம்பனோக் மக்கள் கொண்டுவந்த 5 மான்கள் உண்டு. வான்கோழி என்று குறிப்பிட்ட பேச்சே இல்லை. உருளைக்கிழங்கு அங்கே அப்போது கிடையாது. இன்றைய பூசணிக்காய் பையும் கிடையாது.

அந்த வாம்பனோக் மக்களின் வழித்தோன்றல்களில் பலருக்கு இது 1970லிருந்து துக்க நாள் என்பதும் நினைவிருக்கட்டும். ஒரே நாளுக்கு ஒரே அர்த்தம் என்றைக்குமே இருந்ததில்லை.

15) தேசிய விடுமுறையாக்கச் சொல்லி பல ஆண்டுகள் எழுதிப் போராடியவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர். 1863இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, லிங்கன் அறிவித்தார். 1939இல் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் பத்தாது என்று ரூஸ்வெல்ட் தேதியையே ஒரு வாரம் முன்னால் நகர்த்தினார். சில மாநிலங்கள் ஏற்கவில்லை, நாட்டில் இரண்டு தேங்க்ஸ்கிவிங் நடந்தது. 1941இல் சட்டம் போட்டுத்தான் 4ஆவது வியாழன் என்று முடிவானது.

பீன்ஸ் கேசரோல்? 1955இல் கேம்பெல் சூப் கம்பெனியின் சமையல் கூடத்தில் டார்கஸ் ரைலி உருவாக்கியது. டின் சூப் விற்க ஒரு சமையல் குறிப்பு. 

16) ஆக, கடைக்காரர்களுக்காகத் தேதி மாறியிருக்கு. ஒரு டின் சூப்புக்காக மெனு மாறியிருக்கு. நம்ம வீடுகளில் வான்கோழிக்கு இஞ்சி பூண்டு மசாலா தடவியாச்சு, பக்கத்துல பிரியாணியும் வந்தாச்சு. இவ்வளவுக்கும் வளைந்த பாரம்பரியம், அப்பாவின் இதயத்துக்காக உப்பில் பாதியைக் குறைக்க மட்டும் வளையாதா?

17) "எங்க வீட்ல எப்பவும் இப்படித்தான்" என்பதும் அதே வாக்கியத்தின் தம்பி. அதன் பெயரில் நடக்கும் மூணு தவறுகள்:

வான்கோழியைக் குழாயடியில் கழுவுவது. கறியைக் கழுவித்தான் பழக்கம், தெரியும். ஆனால் கழுவினால் கிருமி போகாது. தெறித்து சிங்க், பக்கத்துல இருக்கும் சாலட் எல்லாத்துலயும் ஒட்டும். கிருமியைக் கொல்வது சூடு. தொடையின் தடித்த பகுதி, நெஞ்சு, உள்ளே வைத்த ஸ்டஃபிங்கின் நடுப்பகுதி, மூணும் 165 டிகிரி ஃபாரன்ஹீட் தொடணும். தெர்மாமீட்டர் வைங்க, நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

18) சாப்பாட்டை மேசையிலேயே சாயங்காலம் வரை விடுவது. வெந்த கறியிலும் கிரேவியிலும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் விதைகள் பிழைத்திருக்கும். வெதுவெதுப்பான பெரிய பாத்திரம்தான் அதுக்குச் சொர்க்கம். அமெரிக்காவில் இந்தக் கிருமியால் கூட்டமாக நோய் வருவது நவம்பர், டிசம்பரில் அதிகம். 2 மணி நேரத்துக்குள் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரிட்ஜுக்குப் போகணும். 3-4 நாளுக்குள் தீர்க்கணும்.

மூணாவது, சரியா இளகாத வான்கோழியைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்குவது. பனி நீராவியாகி எண்ணெயைப் பொங்கவிடும். அமெரிக்க வீடுகளில் சமையல் தீ விபத்து மிக அதிகமாக நடக்கும் நாளே இதுதான்.

19) "நோயாளியை நோயாளியாகவே நடத்தச் சொல்றீங்களா? பாவம், ஆசையா சாப்பிடட்டுமே" என்பவர்களுக்கு:

இல்லவே இல்லை. பத்து பேர் நடுவே "அப்பா, உங்களுக்குத்தான் சுகர் இருக்கே"ன்னு தட்டைப் பறிப்பதும் கொடுமைதான். ரெண்டுக்கும் தேவையில்லாம பண்ணலாம். ஆளை மாத்தாதீங்க, சமையலை மாத்துங்க. உப்பு ஏற்றாத பறவை, வீட்டில் கொதிக்க வைத்த உப்பில்லாத சூப், தனியா கிரேவி, சின்ன பை துண்டு. எல்லாருக்கும் அதே மேசை. யாரும் தனியாத் தெரிய மாட்டாங்க.

20) விருந்து வைக்கிறவங்க இந்த வாரமே ஒவ்வொரு பெரியவரிடமும் தனியாக் கேட்க வேண்டியது 4 கேள்வி.

சாப்பாட்டோட சேர்த்துப் போடும் மாத்திரை, இன்சுலின் என்ன, எத்தனை மணிக்கு?
உப்பு, தண்ணீர், பொட்டாசியம் ஏதாவது குறைக்கச் சொல்லியிருக்காங்களா?
எது ஒத்துக்காது, எது சாப்பிட மாட்டீங்க?
மருந்துச் சீட்டு எங்கே இருக்கு?

ஊரிலிருந்து வந்த பெற்றோர்னா இன்னொண்ணு: அவங்க பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் செலவு கிடைக்குமான்னு படிச்சுப் பாருங்க. பல பாலிசிகளில் கிடைக்காது. "ஒரு நாள் தானே"க்கு அமெரிக்க ஆஸ்பத்திரி பில் எவ்வளவு வரும்னு உங்களுக்கே தெரியும்.

21) பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மகன், மருமகள் மனசு புண்படுமேன்னு வாங்கிச் சாப்பிடாதீங்க. "போதும்மா" என்பது முழு வாக்கியம். அதுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாடு பரிமாறுகிறவர்களே, ஒருத்தர் போதும்னு சொன்னா கரண்டியைக் கீழே வைங்க. அதுவும் உபசாரம்தான்.

நன்றி சொல்வதற்கென்று ஒரு நாள். நம்மை வளர்த்தவங்க அடுத்த வருஷமும் அந்த நாற்காலியில் உட்காரணும்னு யோசித்து சமைத்தால், அதை விடப் பெரிய நன்றி இல்லை.

உங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல, அந்த மெனு லிஸ்ட்டுக்குக் கீழேயே இதைப் பகிருங்க.