கெப்டனை அனுப்புவதா, வைத்திருப்பதா?

மூன்று நாளாக நம்ம கழகத்து வட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. பத்து வருடத்துக்கு மேல் கெப்டனாக இருக்கும் நம்ம ஸ்டொப்பர் நானாவை வரப்போகும் சுற்றுப்போட்டிக்கு எடுப்பதா, விடுவதா என்பதுதான் விஷயம். "ஓட ஏலாது, இனிப் போதும்" என்கிறார்கள் பொடியன்கள். "அவர் இல்லாட்டி பின்னுக்கு ஆள் யாரு?" என்கிறார்கள் மூத்தவர்கள். நேற்று இரவு வாப்பாமாரையும் இழுத்துப் பேசிவிட்டார்கள். அங்கே எழுதினால் இன்னும் பற்றிக்கொள்ளும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலையானவன் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நாலு வருடம் ரைட் பெக் ஆடியவன். ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் லீவுக்கு வந்தாலும் பேக்கை வீட்டில் போட்டுவிட்டு நேரே கிரவுண்டுக்குத்தான் போவேன். "உள்ளுக்கு வா, உள்ளுக்கு வா" என்று அவர் கத்துவது இன்னும் காதில் கேட்கிறது. அப்படியிருந்தும் பொடியன்கள் சொல்வதில் பாதி சரி என்றுதான் நினைக்கிறேன்.

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. உலகத்திலேயே பெரிய கழகத்துக்கும் வந்தது.

செர்ஜியோ ராமோஸை எல்லோருக்கும் தெரியும். 2005இல் ரியல் மெட்ரிட்டுக்கு வந்தவர். 2014 மே 24, லிஸ்பனில் சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி. அத்லெடிகோ 1-0 என்று முன்னிலை, 90 நிமிடமும் முடிந்துவிட்டது. மேலதிக நேரத்தில் மொட்ரிச் அடித்த கோர்னரைத் தலையால் முட்டி உள்ளே போட்டார். மெட்ரிட் 4-1 என்று வென்றது. பத்தாவது கிண்ணம். அந்த ஒரு கோலுக்காகவே அவரைச் சாகும்வரை வைத்திருக்கலாம் என்று சொல்லும் ரசிகர்கள் இருந்தார்கள்.

ஆனால் 2021இல் கழகம் அவரை விட்டது. அப்போது அவருக்கு 35 வயது. அந்த சீசனில் காயத்தோடுதான் பெரும்பகுதி போனது. கழகம் ஒரு வருட ஒப்பந்தம் தந்தது, அவர் இரண்டு வருடம் கேட்டார். கடைசியில் ஒரு வருடத்துக்குச் சம்மதித்தபோது, அந்தச் சலுகையின் காலம் முடிந்துவிட்டது என்று சொன்னார்களாம். இதை அவரே செய்தியாளர்கள் முன்னால் சொன்னார்.

பிறகு என்ன நடந்தது? அடுத்த சீசனிலேயே மெட்ரிட் லா லிகாவையும் சம்பியன்ஸ் லீக்கையும் வென்றது. பரிஸுக்குப் போன ராமோஸ் நவம்பர் கடைசி வரைக்கும் ஒரு போட்டியிலும் இறங்க முடியவில்லை. முடிவு சரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பொடியன்கள் இந்தக் கதையை இதோடு நிறுத்துகிறார்கள். நான் நிறுத்த மாட்டேன். மெட்ரிட் தப்பியதற்குக் காரணம் ராமோஸ் போனது இல்லை. மிலிடாவோவை 2019இலேயே வாங்கி, இரண்டு வருடம் கூட வைத்து ஆடப் பழக்கியிருந்தார்கள். ராமோஸ் போன அதே கோடையில் அலாபாவும் வந்துசேர்ந்தார். கதிரையில் இருந்தவர் எழும்பமுன் அடுத்தவர் பக்கத்தில் நின்றார்.

மென்செஸ்டர் சிட்டியைப் பாருங்கள். 2019இல் கொம்பனி போனார். அவருக்குப் பதிலாக ஒரு ஸ்டொப்பரை வாங்கவில்லை. சீசன் தொடங்கிய மாதத்திலேயே லபோர்ட் காயம். கடைசியில் மிட்பீல்டில் ஆடும் பெர்னாண்டினோவைப் பின்னுக்குக் கொண்டுவந்தார்கள். முந்தைய வருடம் லீக்கில் 23 கோல் மட்டும் வாங்கிய அணி, அந்த வருடம் 35 வாங்கியது. லிவர்பூல் 18 புள்ளி வித்தியாசத்தில் கிண்ணத்தைக் கொண்டுபோனது.

இனி நம்ம கிரவுண்டுக்கு வருவோம்.

முன்கள வீரருக்கு வயது போனால் அவர் ஒரு கோலைத் தவற விடுவார், அவ்வளவுதான். ஸ்டொப்பருக்கு வேகம் குறைந்தால் முழு அணியும் அதற்கு ஏற்ப மாறிவிடும். தலைக்கு மேலால் பந்து போய்விடுமோ என்ற பயத்தில் அவர் பின்னுக்கு நிற்பார். அவரைப் பார்த்து மற்ற மூன்று பெக்கும் பின்னுக்குப் போவார்கள். மிட்பீல்டுக்கும் டிபென்ஸுக்கும் நடுவில் ஒரு வயல் அளவுக்கு இடம் விழும். போன சுற்றுப்போட்டியில் "மிட்பீல்ட் சரியில்லை" என்று எல்லோரும் திட்டினோமே, அந்தப் பொடியன்கள் ஓடியது அந்த வயலைத்தான். பிழை அவர்களுடையது இல்லை.

ஆனால் அதே போட்டியில் இன்னொன்றும் நடந்தது. நானா தசைப்பிடிப்பு வந்து வெளியே போனார். அடுத்த கோர்னரில் நம்ம இரண்டு பேர் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மற்றவன் தனியாக நின்று முட்டினான். கோல். "நீ அவன், நீ இவன்" என்று சொல்ல ஒரு குரல் இல்லை. அந்தக் குரலைத்தான் நாம் இழக்கப்போகிறோம்.

ஆகவே என் கருத்து இது. நானாவை இந்த வருடம் அனுப்பக் கூடாது. அடுத்த வருடம் வைத்திருக்கவும் கூடாது. அதை இப்போதே, அவர் வீட்டுக்குப் போய், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வருடத்தில் இரண்டு பொடியன்களை அவர் பக்கத்தில் நிறுத்தி ஆடவிட வேண்டும். இரண்டாம் பாதியில் அவர் வெளியே வந்து அங்கிருந்து கத்தட்டும். 2021 சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் 36 வயது தியாகோ சில்வா முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியேறினார். கிறிஸ்டென்சன் உள்ளே வந்தார். செல்சி ஒரு கோலும் வாங்காமல் 1-0 என்று வென்றது. தயாரான ஆள் இருந்தால் இப்படித்தான் இருக்கும்.

நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. பெயர்ப்பட்டியலில் பெயரைப் போடாமல் விட்டு, அவர் தானாக விளங்கிக்கொள்ளட்டும் என்று இருந்துவிடாதீர்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் பந்து பொறுக்கும் பிள்ளைகளில் சிலர் என் வகுப்புப் பிள்ளைகள். பத்து வருடம் கொடுத்தவரை ஊர் எப்படி அனுப்புகிறது என்று அவர்கள் பார்க்கிறார்கள். நாளைக்கு இந்த ஜேர்சிக்காக முழங்காலைக் கொடுக்கப்போவது அவர்கள்தான்.

நானா, நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். கோபிக்காதீங்க. பயிற்சியில்கூட நடுவில் வேறு யாரையும் நிற்க விடாதது உங்கள் பிழை. எனக்குச் சொல்லித் தந்ததை அந்த இரண்டு பேருக்கும் சொல்லித் தாங்க. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நானும் கிரவுண்டுக்கு வாறேன்.

மறுத்துச் சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். வாப்பாமாரை மட்டும் இழுக்காதீர்கள்.