வீதியைப் படமெடுக்க அனுமதிச் சீட்டா?

2020 பிப்ரவரியில் நெய்வேலி சுரங்கத்தில் 'மாஸ்டர்' படப்பிடிப்பு நடந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் சினிமாக்காரர்களை எப்படி விடலாம் என்று பாஜகவினர் வாசலில் போராடினார்கள். ஓரிரு நாளில் நடிகர் விஜய் வேன் மீதேறி ரசிகர்களோடு எடுத்த செல்ஃபி, அந்த ஆண்டு இந்தியாவில் அதிகம் ரீட்வீட் செய்யப்பட்ட பதிவானது. நெய்வேலியிலிருந்து வெளியே போன படங்களில் அதிகம் பேர் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். அதில் நெய்வேலியைத்தான் காணோம், தெரிவதெல்லாம் தலைகள்.

சுரங்கத்துக்குள் யாரை விடுவது என்பது அதை நடத்தும் என்எல்சி நிறுவனத்தின் பாடு. நாம் கேட்பது வெளியே இருக்கும் நகரியத்துக்காக. பெரியார் சதுக்கத்தையும் குடியிருப்பு வட்டத்தின் எண் எழுதிய பலகையையும் சாலையோரச் சிலையையும் எவரும் யாரையும் கேட்காமல் படமெடுக்கலாம் என்று என்எல்சி நிர்வாகம் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இது சலுகை அல்ல. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுக்கவும் வெளியிடவும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில் இடம் தருகிறது. கட்டடங்களுக்கும் அப்படியே. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் கடுமையானதுதான். ஆனால் அது தடைசெய்யப்பட்ட இடங்களைப் பற்றியது, தெருமுனைச் சிலைகளைப் பற்றியது அல்ல. தடை எங்கே தொடங்குகிறது என்று பலகை சொல்லாவிட்டால் காவலர் எல்லாவற்றையும் தடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சுவரோவியம் மட்டும் வேறு கணக்கு. சிற்பத்துக்குத் தந்த விலக்கைச் சட்டம் ஓவியத்துக்குத் தரவில்லை. மும்பைச் சுவரோவியம் ஒன்றைத் தன் விளம்பரத்தில் பயன்படுத்திய அக்கோ காப்பீட்டு நிறுவனத்தின் மீது ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை வழக்குப் போட்டது. சமூக ஊடகப் பதிவுகளை நீக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. வரைந்தவர் உழைப்பை வைத்துக் கம்பெனி காசு பார்த்தால் கேட்கத்தான் வேண்டும். அதற்காகச் சென்னைக் கண்ணகி நகரின் ஓவியச் சுவர்களைப் பார்க்க வந்தவர் முகநூலில் படம் போடுவதும் சந்தேகத்துக்குரிய காரியமாகக் கிடப்பது அபத்தம். காசு பார்க்காத பகிர்வுக்கு நாடாளுமன்றம் விலக்குத் தர வேண்டும்.

படமெடுக்கும் உரிமையில் நெய்வேலிக்குத் தனி அவசரம் உண்டு. சுரங்கம் நகர்ந்துகொண்டே இருக்கும் ஊர் இது. அது விழுங்கிய கிராமங்களின் தெருக்களுக்கு எத்தனை வீட்டில் படம் இருக்கிறது? 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. ஊரின் அடையாளமாக நின்றவை ஒவ்வொன்றாகப் போகும்போது, குடியிருப்போர் கைப்பேசியில் இருக்கும் படங்களே ஆவணம்.

ஆகவே தடைப் பகுதிகளின் எல்லையைத் தமிழில் எழுதிய பலகைகள் எல்லா வாயில்களிலும் வரட்டும். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் ஊர்க்காரர்கள் எடுத்த நகரியப் படங்களுக்கு என்எல்சி ஓர் அரங்கு ஒதுக்கட்டும். வரும் கண்காட்சியிலேயே தொடங்கலாம்.