பின்சீட்டில் யார் இருப்பது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கார் வாங்க யோசிக்கிற தம்பிமாரும், அந்தத் தம்பிமாருக்குக் காசு கொடுக்க யோசிக்கிற வாப்பாமாரும் அப்பாமாரும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

நம்ம பக்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இப்போது இதே பேச்சுத்தான். ஹொண்டா சீஆர்-ஸெட்டா, டொயோட்டா 86ஆ, மஸ்டா ஆர்எக்ஸ்-8ஆ? எது நூறைச் சீக்கிரம் தொடும்? எதற்கு எந்த சைலன்சர் போட்டால் சத்தம் எடுப்பாக இருக்கும்? "தினமும் வேலைக்குப் போய்வர ஒரு கார் வேண்டும்" என்று தொடங்குகிற பேச்சு, ஐந்து நிமிடத்தில் குதிரைவலுவில் போய் நிற்கிறது. கார்கள் கூடாதவை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒப்பிடுகிற முறைதான் முழுப் பிழை.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பழக்கிய முதல் பாடங்களில் ஒன்று, கேள்வித்தாள் எழுதும்போதே புள்ளித்திட்டத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்பது. எதற்குப் புள்ளி என்று முடிவுசெய்யாமல் திருத்த உட்கார்ந்தால், அழகான கையெழுத்துக்குப் புள்ளி போய்விடும். இரண்டு கதவுக் கார்களை ஒப்பிடும் யூடியூப்காரர்களும் விற்பனைக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். கையெழுத்துக்குப் புள்ளி போடுகிறார்கள். நம்ம பிள்ளைகளும் அந்தப் புள்ளியை நம்பி லீசிங் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறார்கள்.

கேள்வி "தினமும் ஓட்ட எது நல்லது?" என்பது. அப்படியென்றால் தினமும் நடப்பதற்குத்தான் புள்ளி.

நம்ம தினம் எப்படிப்பட்டது? காலையில் ஜம்பட்டா வீதியில் ஸ்கூல் வேன், ஓட்டோ, துறைமுகப் பக்கம் போகிற கொள்கலன் லொறி எல்லாம் ஒன்றாக நிற்கும். ஆமர் வீதிச் சந்தியைத் தாண்டினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. பெரிய மழை ஒன்று கொட்டினால் அங்கே சக்கரம் பாதி மூழ்கத் தண்ணீர் நிற்கும். வீட்டுக்கு வந்தால் ஒழுங்கைக்குள் சுவரோடு ஒட்டித்தான் நிறுத்த வேண்டும். சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் கார் ஓடக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். பேலியகொடையில் ஏறி கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போனாலும் 100தான். 200 குதிரைவலுவை எந்த இடத்தில் அவிழ்த்துவிடப் போகிறீர்கள்? நள்ளிரவுக்குப் பிறகு வெறும் வீதியில் என்றால், அதற்குப் பெயர் தினசரி ஓட்டம் இல்லை. அதன் விலையை விபத்துப் பிரிவில் கட்ட வேண்டி வரும்.

இனி காருக்கு வருவோம். பெயர் சொல்லியே பேசுவோம்.

சீஆர்-ஸெட். 2010இல் வந்தது. 1,496 சீசீ எஞ்சினோடு சின்ன மின்மோட்டார். அந்த வருடம் ஜப்பானில் ஆண்டின் சிறந்த கார் விருதும் எடுத்தது. ஹைபிரிட்டுக்கு வரிச்சலுகை இருந்த காலத்தில் நம் நாட்டுக்கு நிறையவே வந்தது. பெற்றோல் குடிப்பது குறைவு. இன்சைட், ஃபிட் ஹைபிரிட் செய்து பழகிய பாஸ்மாருக்கு இதன் ஹைபிரிட் வேலையும் புதிதில்லை. இந்த மூன்றில் தினசரிக்கு ஓரளவு தாங்குவது இதுதான். ஆனால் பின்சீட்டைப் பாருங்கள். ஜப்பானுக்குச் செய்த காரில் நாலு சீட் வைத்த ஹொண்டா, அமெரிக்காவுக்கு அனுப்பிய அதே காரில் பின்சீட்டே வைக்கவில்லை. அந்த இடத்தைச் சாமான் வைக்க விட்டுவிட்டது. செய்தவனே நம்பாத பின்சீட்டை நம்பி நாம் நாலு பேர் கார் என்று வாங்குகிறோம்.

டொயோட்டா 86. 2012இல் வந்தது, சுபாரு பீஆர்ஸெட்டின் உடன்பிறப்பு. 1,998 சீசீ, 200 குதிரைவலு, பின்சக்கர இழுவை. ஓட்டுவதற்கு அருமையான கார், அதில் சண்டை இல்லை. ஆனால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி 130 மில்லிமீற்றர்தான். அதிலும் ஸ்பிரிங் வெட்டி இன்னும் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுவனம் கேட்பது உயர்தரப் பெற்றோல், அதாவது நமக்கு ஒக்டேன் 95. பின்சீட்டில் ஸ்கூல் பையை வைக்கலாம். ஸ்கூல் பிள்ளையையே வைப்பது கஷ்டம்.

ஆர்எக்ஸ்-8. 2003 முதல் 2012 வரை செய்தார்கள். சுழல் எஞ்சின், 1,308 சீசீ. உண்மையைச் சொன்னால் பின்சீட் இந்த மூன்றிலும் இதில்தான் நல்லது, பின்னால் சின்னக் கதவும் உண்டு. ஆனால் முன்கதவைத் திறந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். எஞ்சினின் அமைப்பே அப்படி, கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலையும் சேர்த்து எரிக்கும். அடிக்கடி அளவு பார்த்து ஊற்ற வேண்டும். பெற்றோலும் தாராளமாகக் குடிக்கும். குறுந்தூரம் ஓடி ஓடி நிறுத்துவது இந்த எஞ்சினுக்கு ஆகாது. நம்ம தினசரி ஓட்டம் முழுக்க அதுதான். சேகரிப்பவருக்கு நல்ல கார். சம்பளக்காரருக்கு இல்லை.

இதற்குத் தம்பிமார் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அதை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. "சேர், புதுச் சின்னக் கார் ஒன்றுக்குக் கேட்கிற காசுக்கு ஒரு பழைய கூப்பே கிடைக்குது. டப்பா மாதிரி ஒன்றை ஏன் வாங்கணும்?" என்கிறார்கள்.

நியாயமான கேள்வி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவே ஐந்து வருடம் பழைய கார்கள் தங்கம் மாதிரி விலை ஏறின. திறந்த பிறகும் எஞ்சின் சீசீயைப் பார்த்து உற்பத்தி வரி, சுங்க வரி, அதற்கு மேல் 18 சதவீத வற் என்று அடுக்குகிறார்கள். ஒரு சாதாரணக் குடும்பம் சாதாரணக் கார் வாங்க முடியாத நிலைமையை உண்டாக்கியது அரசாங்கங்களின் கொள்கை. அந்தக் கோபம் எங்களுக்கும் இருக்கிறது. 

ஆனால் அந்தக் கோபத்தை விற்பனைக்காரன் தன் வியாபாரமாக்குகிறான் என்பதையும் பாருங்கள். "இதே காசுக்கு ஸ்போர்ட்ஸ் கார்" என்று சொல்கிறவன் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறான். மூன்று வயதுக்கு மேற்பட்ட காரை இப்போது இறக்க முடியாது. சீஆர்-ஸெட்டின் உற்பத்தி 2016 அளவிலேயே நின்றுவிட்டது. ஆர்எக்ஸ்-8 அதற்கும் முன்னே. ஆக, நாட்டில் இருக்கிறது இருக்கிறதுதான், இனி ஒன்றும் வராது. எஞ்சின் சாமான் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் ஒரு கதவு, ஒரு பின்கண்ணாடி, ஒரு பின்லைட் உடைந்தால்? ஃபிட்டின் கதவு சீஆர்-ஸெட்டுக்குப் பொருந்தாது. உடைந்த இன்னொரு சீஆர்-ஸெட் வரும்வரை காத்திருக்க வேண்டும், அதை வைத்திருப்பவன் சொல்வதுதான் விலை. ஹைபிரிட் பற்றரியும் வயது போனதுதான். 2012க்கு முன் வந்தவற்றில் பழைய நிக்கல் வகை, பிறகு வந்தவற்றில் லித்தியம். எது என்று கேட்காமலே முற்பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மீதிக் கணக்கை நாம் போடுவோம். ஒரு நாளைக்கு 30 கிலோமீற்றர், மாதம் 25 நாள், மொத்தம் 750 கிலோமீற்றர். கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடுகிற காருக்கு ஏறக்குறைய 94 லீற்றர் வேண்டும். 15 ஓடுகிற காருக்கு 50 போதும். வித்தியாசம் 44 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலே மாதம் 13,200 ரூபா, ஐந்து வருடத்தில் கிட்டத்தட்ட எட்டு இலட்சம். ஒக்டேன் 95 ஊற்றினால் அதற்கும் மேலே. லீசிங்கோ, இஜாராவோ, மாத முடிவில் கட்டவேண்டியது கட்டவேண்டியதுதான். அதற்கு மேலேதான் இந்தக் கணக்கு.

பெற்றோல் எப்போதும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் 2022ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கியூஆர் அட்டை வந்தபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். 8 ஓடுகிற கார் அதில் 160 கிலோமீற்றர் போகும், 15 ஓடுகிற கார் 300 போகும். நாளைக்கு 30 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு முதல் கார் ஆறாம் நாள் வழியில் நின்றுவிடும். 

இனி எல்லாவற்றிலும் பெரிய புள்ளி. அந்தக் காரில் உங்களோடு யார் ஏறப்போகிறார்கள்?

நம்ம வீடுகளில் கார் என்பது ஒருவருடைய சாமான் இல்லை. லீசிங் மகனின் பெயரில் இருக்கும். முற்பணம் உம்மாவின் நகையிலிருந்து வந்திருக்கும். அல்லது அண்ணன் கட்டாரிலிருந்து அனுப்பியதாக இருக்கும், அல்லது அக்காவின் சீட்டுக் காசாக இருக்கும். வீட்டில் எல்லாரும் சேர்ந்து கட்டிய காரில் இரண்டு பேர்தான் ஏறலாம் என்றால் அது என்ன நியாயம்? வாப்பாவைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கொண்டுபோக ஓட்டோ பிடிக்கிற வீடுகள் நம்ம ஒழுங்கைகளில் இருக்கின்றன. அந்த வீட்டு வாசலிலேயே பளபளவென்று இரண்டு கதவுக் கார் நிற்கிறது. முழங்கால் வருத்தக்காரருக்கு அந்தத் தாழ்ந்த சீட்டில் இறங்கி உட்காரவும் முடியாது, எழும்பவும் முடியாது. சாரி உடுத்த அம்மாவோ அபாயா போட்ட ராத்தாவோ முன்சீட்டை மடித்து, குனிந்து, பின்னால் நுழைவதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இது மரியாதைப் பிரச்சினை மட்டுமில்லை, பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. இரண்டு கதவுக் காரின் பின்னால் இருப்பவர் தானாக இறங்க முடியாது. முன்னால் இருப்பவர் இறங்கி வழிவிட வேண்டும். ஒரு விபத்தில் முன்னால் இருப்பவரே எழும்ப முடியாமல் கிடந்தால் பின்னால் இருக்கிற பிள்ளையை யார் எடுப்பது? அந்தப் பின்சீட்டில் பிள்ளை ஆசனம் பூட்டி, தினமும் பிள்ளையை ஏற்றி இறக்கிப் பார்த்தவர்கள் சொல்லட்டும். இன்னொன்று. இரண்டு கதவுக் காரின் கதவு சாதாரணக் கதவைவிட நீளம். நம்ம ஒழுங்கைச் சுவரோரம் நிறுத்தினால் பாதிகூடத் திறக்காது.

"இளமை ஒருமுறைதானே சேர்" என்கிறார்கள். சரி, ஆசை குற்றமில்லை. ஆனால் ஓட்டுகிற சுகத்துக்கு இரண்டு கதவு கட்டாயம் என்று யார் சொன்னது? 2017இல் வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைப் பாருங்கள். ஐந்து கதவு, 1,371 சீசீ டர்போ, 140 குதிரைவலு, எடை 970 கிலோ. ஆயிரம் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 144 குதிரைவலு. முதல் வந்த சீஆர்-ஸெட்டில் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து 124, எடை 1,130 கிலோ, கணக்கு 110 அளவில்தான் வரும். ஆக, கூப்பே என்று நெஞ்சை நிமிர்த்துகிற காரை, உம்மாவையும் ஏற்றிக்கொண்டு போகிற கார் எடைக்கு எடை முந்துகிறது. அதுவும் தாழ்ந்த கார்தான், 120 மில்லிமீற்றர், மறைக்கவில்லை. சாதாரண ஸ்விஃப்ட் ஆர்எஸ்ஸும் இருக்கிறது, அதன் சாமான் தெரியாத கராஜ் கொழும்பில் இல்லை.

தனியாள், வீட்டில் வேறு கார் இருக்கிறது, பெற்றோரை ஏற்றுகிற பொறுப்பு இன்னொருவரிடம் என்றால் 86 வாங்குங்கள், சந்தோஷமாக ஓட்டுங்கள். நாங்களும் நின்று பார்ப்போம். சைலன்சரை மட்டும் கழற்றாதீர்கள். அது சட்டப்படி குற்றம், அதோடு இரவு பத்து மணிக்கு அடுத்த வீட்டில் ஒரு பிள்ளை புலமைப்பரிசிலுக்குப் படித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு இது ஒன்றுதான் கார் என்றால், தயவுசெய்து இரண்டு கதவை விடுங்கள். விடவே முடியாது என்றால் சீஆர்-ஸெட்டோடு நில்லுங்கள். பற்றரியை ஸ்கேன் பண்ணிய அறிக்கை கையில் வராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கார் பார்க்கப் போகும்போது கூட்டாளிமாரை மட்டும் கூட்டிப்போகாதீர்கள். அவர்கள் முன்சீட்டில் ஏறுகிறவர்கள். வீட்டில் வயது கூடியவரைக் கூட்டிப்போங்கள். பின்னால் ஏற்றி உட்காரவையுங்கள். விற்கிறவர் முன்னிலையிலேயே ஆமர் வீதிச் சந்திவரை ஒரு சுற்று ஓடிவாருங்கள். இறங்கும்போது அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அதன் பிறகு விலை பேசுங்கள்.

எங்களோடு உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம். ஆனால் குதிரைவலுவோடு வராதீர்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், இரவில் கார் நிற்பது எங்கே என்ற மூன்றையும் முதலில் எழுதிவிட்டு வாதத்தைத் தொடங்குங்கள்.