‘தம்பி பாத்துக்கொள்வான்’ எண்டது பேக்கப் இல்லை

ஒரு அலுவலகத்தில் கணக்குப் புத்தகம் வைக்க இரும்பு அலுமாரி இருக்கும். வாகனத்துக்குக் காப்புறுதி இருக்கும். ஜெனரேற்றருக்கு ஒயில் பார்க்க மாதாமாதம் ஆள் வரும். அதே அலுவலகத்தின் மூலையில், தூசி பிடித்த ஒரு றாக்குக்குள் இருக்கிற பயர்வோலும் சுவிட்சும் ரவுட்டரும் எப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன, அந்த விபரம் எங்கே எழுதி இருக்கிறது எண்டு கேட்டுப் பாருங்கோ. "அது தம்பிக்குத் தெரியும்" எண்டு பதில் வரும்.

தம்பி இப்ப கட்டாரில.

போனவனை நாங்கள் குறை சொல்ல வரேல்லை. 2022க்குப் பிறகு இந்த நாட்டில் இருந்து ஏன் போனாய் எண்டு ஒருத்தனைக் கேட்கிற உரிமை ஆருக்கும் இல்லை. எங்கட கோபம் வேற இடத்தில் இருக்கிறது. ஒரு முழு நிறுவனத்தின் அறிவை ஒரே ஒரு பெடியன்ர மண்டைக்குள் வைத்துவிட்டு, அந்த மண்டைக்கு ஒழுங்கான சம்பளமும் குடுக்காமல், அவன் போன பிறகு "பொறுப்பில்லாமல் விட்டிட்டுப் போட்டான்" எண்டு கதைக்கிற நிர்வாகங்களில்தான் கோபம்.

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ஒரு சாதனம் கருகினால், அதே சாதனத்தைக் கடையில் வாங்கலாம். ஆனால் அதற்குள் இருந்த கொன்ஃபிக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எந்த போர்ட் எந்த வீலானில், கணக்குப் பகுதியை ஆர் பார்க்கலாம், கிளை அலுவலகத்துக்கான விபிஎன் சாவி என்ன, மூன்று வருசத்துக்கு முதல் ஏதோ ஒரு பிரிண்டருக்காகப் போட்ட அந்த விசித்திரமான விதி எதற்கு எண்டதெல்லாம் சேர்ந்ததுதான் கொன்ஃபிக். அதன் அளவு பெரும்பாலும் ஒரு புகைப்படத்தை விடச் சிறியது. அந்தச் சின்ன எழுத்துக் கோப்பு இல்லாததால் நாலு நாள் ஒரு அலுவலகம் முடங்குகிறது என்றால், அதை விபத்து எண்டு சொல்ல எங்களால் முடியாது.

"நாங்கள் மாதம் ஒருக்கா எடுக்கிறனாங்கள்" எண்டு சிலர் சொல்வார்கள். கையால் எடுக்கிற பேக்கப் முதல் மாதம் நடக்கும், இரண்டாம் மாதம் நடக்கும், மூன்றாம் மாதம் தேர் வரும், பிறகு ஓடிற் வரும், பிறகு ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. மனிதர் மறப்பது இயல்பு. அதனால்தான் நேரம் குறித்து, ஆள் தொடாமல், தானாக நடக்கிற ஏற்பாடு வேண்டும்.

இதற்குக் காசு இல்லை என்கிற கதையை நாங்கள் ஏற்கவில்லை. சிஸ்கோ ஐஓஎஸ் சாதனங்களில் ‘ஆர்கைவ்’ எண்டு ஒரு கட்டளை இருக்கிறது. கொன்ஃபிக்கைச் சேமிக்கிற ஒவ்வொரு தடவையும், அல்லது இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, பிரதி ஒன்றை வேறு இடத்துக்கு அனுப்பு எண்டு அதற்குச் சொல்லலாம். 1440 எண்டு போட்டால் நாளுக்கு ஒன்று. மைக்ரோடிக்கில் ‘ஸ்கெடியூலர்’ பெட்டியோடயே வருகிறது. பல கொம்பனிகளின் சாதனம் கலந்து கிடந்தால் ரான்சிட், ஒக்சிடைஸ்ட் எண்ட இரண்டும் இலவச மென்பொருட்கள். ஒக்சிடைஸ்ட் தன்பாட்டில் மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் போய், கொன்ஃபிக்கை வாங்கி, கிட் களஞ்சியத்தில் போட்டு வைக்கும். மூலையில் கிடக்கிற பழைய கொம்பியூட்டர் ஒன்று காணும்.

கிட்டில் போடுவதன் அருமை, சாதனம் எரிகிற நாளில் மட்டும் தெரிவதில்லை. "நேற்று வரைக்கும் வேலை செய்தது, இண்டைக்கு என்ன நடந்தது?" எண்ட கேள்விக்கு, எந்த வரி மாறியது எண்டு சிவப்பிலும் பச்சையிலும் காட்டும். யூனியர் பெடியனில் பழி போடுகிற பழக்கத்துக்கு இது பெரிய இடைஞ்சல். சில பெரியவர்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணமோ எண்டு எங்களுக்கு ஐமிச்சம் உண்டு.

ஆனால் தானியங்கி எண்ட சொல்லைக் கும்பிடவும் நாங்கள் தயார் இல்லை. 2017 ஜனவரி 31 இரவு கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான சேவரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறதுதானே எண்டு போய்ப் பார்த்தால், நேரம் குறித்து ஓடுகிற பேக்கப் கனநாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தரவுத்தளத்தின் பதிப்பு ஒன்று, அதை எடுக்கிற கருவியின் பதிப்பு வேறொன்று. தோற்றுவிட்டது எண்டு அறிவிக்கிற மின்னஞ்சல்களும் மின்னஞ்சல் அமைப்பில் இருந்த குறையால் நிராகரிக்கப்பட்டு, ஒருத்தருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணித்தியாலத்துக்கு முதல் வேறு தேவைக்காகக் கையால் எடுத்த ஒரு பிரதி. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், எங்கட ஒஃபிஸ் றாக்கில் ‘ஸ்கெடியூல் போட்டாச்சு’ எண்ட வார்த்தையை மட்டும் நம்புவது எப்படி?

"கிளவுட்டில் கொம்பனியே எடுத்து வைக்கும்" என்பவர்களுக்கு சொனிக்வோல் கதை. 2025 செப்டெம்பரில், வாடிக்கையாளர்களின் பயர்வோல் கொன்ஃபிக் பேக்கப்கள் வைத்திருந்த தங்கள் கிளவுட்டுக்குள் ஆரோ புகுந்துவிட்டார்கள் எண்டு அந்த நிறுவனம் அறிவித்தது. முதலில் 5 சதவீதத்துக்கும் குறைவான பயர்வோல்கள் என்றார்கள். ஒக்டோபரில், அந்தக் கிளவுட் பேக்கப்பைப் பாவித்த எல்லாருடைய கோப்புகளும் எண்டு திருத்தினார்கள். கொன்ஃபிக் கோப்பு என்பது வீட்டின் வரைபடமும் சாவிக்கொத்தும் ஒன்றாகக் கிடக்கிற பை. சிஸ்கோவின் ‘டைப் 7’ பாஸ்வேர்டை எவரும் நொடியில் திருப்பி வாசிக்கலாம். அதை ரிஎஃப்ரிபி வழியாக, எந்த மறைகுறியாக்கமும் இல்லாமல், நெட்வேர்க்குக்குள் அனுப்பிவிட்டு "பேக்கப் இருக்கு" எண்டு நிம்மதியாகப் படுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்கட நாட்டுக் கணக்கையும் மறக்க வேண்டாம். 2023 ஓகஸ்ட் கடைசியில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை ரான்சம்வெயார் தாக்கியது. ‘gov.lk’ முகவரிகள் ஏறக்குறைய 5000. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போனது போனதுதான். ஒன்லைனில் இருந்த பேக்கப்பையும் தாக்குதல் சேர்த்தே பூட்டிவிட்டது, அந்தக் காலத்துக்குக் கழற்றி வைத்த பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013, அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அந்த ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. தினமும் ஒஃப்லைன் பேக்கப் எடுப்போம் எண்ட அறிவிப்பு, எல்லாம் நடந்த பிறகு வந்தது. அது மின்னஞ்சல், ரவுட்டர் இல்லைத்தான். ஆனால் பிரதி, மூலம் இருக்கிற அதே வலைக்குள் கிடந்தால் இரண்டும் ஒரே நாளில் சாகும் என்பது ரவுட்டருக்கும் பொருந்தும்.

ஆகவே நாங்கள் கேட்பது என்ன? பேக்கப் எடுக்கிற கணக்குக்கு வாசிக்கிற உரிமை மட்டும். அனுப்புவது எஸ்எஸ்எச் வழியாக. ஒரு பிரதி வெளியே, கேபிள் கழற்றிய வட்டில். கோப்பு வராத நாளில் ஒரு மனிதனுக்குத் தகவல். பிறகு, எல்லாத்தையும் விட முக்கியமாக, மீளேற்றிப் பார்ப்பது. மைக்ரோடிக்கில் இரண்டு வகை உண்டு. ‘பேக்கப்’ கோப்பு அதே பெட்டிக்காக எடுக்கப்படுவது, வேறு பெட்டியில் ஏற்றினால் தலையிடி. ‘எக்ஸ்போர்ட்’ வாசிக்கக்கூடிய எழுத்து, ஆனால் பயனர்களின் பாஸ்வேர்டும் சான்றிதழ்களும் அதில் வராது. இது எரிந்த அன்றைக்குத்தான் தெரியவேண்டுமா?

இனி எங்கட வயது ஆக்களுக்கும் ஒண்டு. "பாஸ்வேர்ட் என்ர கையில இருந்தா என்னை நிப்பாட்ட ஏலாது" எண்டு நினைக்கிற பெடியளும் பெட்டையளும் எங்களுக்குள் இருக்கிறார்கள். வேலைக்குப் பாதுகாப்பு இல்லாத நாட்டில் அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது எண்டு விளங்குகிறது. ஆனால் அது உங்களைப் பாதுகாக்காது. இரவு இரண்டு மணிக்கும், காய்ச்சலிலும், அம்மாவின்ர அந்தியேட்டியிலும் ஃபோன் உங்களுக்குத்தான் வரும். லீவு எடுக்கிற உரிமையை நீங்களே பூட்டி வைக்கிறீர்கள்.

பூட்டி வைப்பதில் பெரிய கை, சாதனத்தைப் பொருத்திவிட்டு அட்மின் பாஸ்வேர்டைத் தராமல் போகிற ஒப்பந்தக்காரர்கள். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பில் போடுவதற்கு இது நல்ல வழி. காசு குடுத்து வாங்கிய பெட்டியின் கொன்ஃபிக் வாங்கியவருடையது. கடைசித் தவணைப் பணத்தைக் குடுக்க முதல், எழுத்து வடிவிலான கொன்ஃபிக், முழு உரிமையுள்ள பாஸ்வேர்ட், தானாக ஓடும் பேக்கப், அதை இன்னொரு பெட்டியில் ஏற்றிக் காட்டிய ஒரு பின்னேரம், இந்த நாலையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கோ. உள்ளுக்கு வேலை செய்கிற தம்பியோ தங்கச்சியோ மூன்று மாதத்துக்கு ஒருக்கா அந்த மீளேற்றலைச் செய்து பார்க்க ஒரு நாளை வேலைநாளாகக் கணக்கிடுங்கோ, சனிக்கிழமை ‘சும்மா வந்து பாத்திட்டுப் போ’ எண்டு இல்லை.