எந்த நூல், எந்தப் பக்கம்?

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்ட வரலாற்றுத் தொகுப்பில் மேற்கோள் காட்டும் முறை அவரவர் விருப்பமாம். தொகுப்புக் குழு சுற்றறிக்கை விட்டு அப்படி முடிவு சொல்லியிருக்கிறது. எழுத வருபவர்கள் மிரண்டுவிடக் கூடாதாம். மிரளப்போவது படிப்பவர்கள்.

செம்பனையையே பாருங்கள். ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை 1911–12 வாக்கில் ரந்தாவ் பாஞ்சாங்கில் அதை அழகுக்கு வளர்த்தார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வணிகத்துக்கு நட்டார். ஒரு கட்டுரை 1911 என்றும் இன்னொன்று 1917 என்றும் சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆதாரம் இல்லையென்றால் ஏதோ ஒன்று தப்பென்றே வாசகர் நினைப்பார்.

பெயர் விவகாரம் இன்னும் மோசம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது அப்பா பெயர். ஏபிஏ (APA) மேற்கோள் முறையோ கடைசிப் பெயரை முன்னால் கேட்கிறது. 1970இல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றி நூல் எழுதிய சின்னப்பா அரசரத்தினம் யாழ்ப்பாண வழக்கப்படி அப்பா பெயரை முன்னால் வைத்தவர். ஏபிஏ முறையில் அவர் சொந்தப் பெயரிலேயே பட்டியலில் ஏறுவார். தோட்டத் தொழிலாளர் பற்றி 1994இல் எழுதிய செல்வகுமாரன் ராமச்சந்திரனோ அப்பா பெயரில் போய் உட்காருவார். முறையையும் ஆளுக்கு ஆள் மாற்றினால், ஒரு கட்டுரையில் 'செ' வரிசையில் இருப்பவர் அடுத்ததில் 'ரா'வுக்குப் போவார், மூன்றாவதில் வெறும் தலைப்பெழுத்தாவார். ஓர் ஆய்வாளர் மூவராகிவிடுவார். ஊர்ப் பெயரும் அப்படித்தான்: பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது; பழைய கோப்புகளில் பழைய பெயர்தான். எதை எழுதுவது? அதுவும் விருப்பம்தானா?

இந்தக் குழுவினரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? இவர்கள் முன்பு போட்ட மலரில் படங்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு வரி இல்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் சிலாங்கூர் செயலகக் கோப்பைக் காட்டினார்கள், எண்ணை விட்டுவிட்டார்கள். 'தமிழ் நேசனில் வந்தது' என்றார்கள். 1924 முதல் 2019 வரை வந்த பத்திரிகை அது. எந்த நாள் இதழைப் புரட்டுவது? சயாம் மரண ரயில் பற்றிய பகுதியில் எல்லாம் 'ஒரு மூதாட்டி சொன்னார்' மயம். எந்தத் தோட்டத்து மூதாட்டி, யார் பேட்டி எடுத்தது, எந்த ஆண்டு? துரைமாரின் நூல்களுக்குப் பக்க எண் கொடுத்தவர்களுக்கு, பால்மரம் சீவியவர் வாய்மொழிக்கு ஒரு தேதி போட மனம் வரவில்லை. இன்று போய்க் கேட்கலாம் என்றால் அவர்களில் பலர் இல்லை.

எந்த முறை என்பதில் எமக்குப் பிடிவாதமில்லை. பெயரைத் திருப்பாமல் போடுவதோ திருப்பிப் போடுவதோ, ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் பக்கம் தொட்டுக் கடைசிவரை அதையே பிடியுங்கள். அச்சுக்குப் போகுமுன் விவரம் தெரிந்த யாராவது உட்கார்ந்து பார்க்கட்டும். சுற்றறிக்கை எழுதியவர்கள் மட்டும் வேண்டாம்.