மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாங்கள் யார்?

பக்கத்து வளவில ஜேசிபி வந்து நிற்கும்போதுதான் எங்களில் பலருக்கு அங்கே என்ன வரப்போகுது எண்டே தெரியவருகிறது. பிரதேச சபையில் போய்க் கேட்டால், "அனுமதி எடுத்துத்தான் செய்யினம் தம்பி, உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்பார்கள். ஊருக்குள்ளோ, "அவன்ர காணி, அவன் கட்டுறான், உங்களுக்கு எரிச்சல்" என்று கதை முடிந்துவிடும்.

எரிச்சல் இல்லை. கிணறு எங்களுடையது. ஒழுங்கையில் தேங்கப்போகும் வெள்ளமும் எங்களுடையதுதான்.

சட்டம் எங்களை எங்கே வைத்திருக்கிறது எண்டு பாப்பம். தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, குறித்துரைக்கப்பட்ட பெரிய திட்டமொன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தால், அந்த அறிக்கை 30 நாட்கள் பொதுமக்களின் கருத்துக்கு விடப்பட வேண்டும். நல்லது. ஆனால் முடிவு வந்த பிறகு? அனுமதி மறுக்கப்பட்டால், அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யும் உரிமை உண்டு. அனுமதி கொடுக்கப்பட்டால், அயலவருக்கு அப்படியொரு கதவை அந்தச் சட்டம் திறக்கவில்லை. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்திலும் இதே கதைதான். கட்டமுடியாமல் போனவர் பாதிக்கப்பட்டவர். கட்டியதால் தண்ணி குடிக்கமுடியாமல் போனவர் வெறும் பக்கத்து வீட்டுக்காரர்.

"கோர்ட்டுக்குப் போங்கோவன்" என்பார்கள். போகலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு போடலாம். பிரதேச சபையின் முடிவென்றால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் அங்கே பார்ப்பது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதைத்தான், அது நல்ல முடிவா என்பதை அல்ல. தாமதித்துப் போனால் அதுவே எங்களுக்கு எதிராக நிற்கும். அடிப்படை உரிமை மீறல் என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். சட்டத்தரணிக் காசு, கொழும்புப் பயணம், லீவு எல்லாம் எங்கட கணக்கு.

சுன்னாகத்தை மறக்கவேண்டாம். மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சனத்தின் கிணறுகளுக்குள் போனது. 2015இல் போடப்பட்ட வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு. வென்றது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த நாலு வருசமும் சனம் எந்தத் தண்ணியைக் குடித்தது? இழப்பீடு வந்தது கிணறு கெட்ட பிறகு. எங்களுக்குத் தேவை கிணறு கெட முதலே "இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமை.

நாங்கள் அபிவிருத்திக்கு எதிரிகள் அல்ல. கேட்பது மூன்றுதான். விண்ணப்பம் வந்தவுடனே அந்தக் காணிக்கு முன்னால் தமிழில் ஒரு அறிவித்தல் பலகை. ஆட்சேபனை சொல்லப் போதிய நாட்கள். அனுமதி கொடுத்தால், விண்ணப்பதாரிக்கு இருக்கிற அதே மேன்முறையீடு அயலவருக்கும்.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரத்தின் பிரதியை எழுத்தில் கேளுங்கோ. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஆட்சேபனையையும் வாயால் சொல்லாமல் கடிதமாய்க் கொடுத்து, திகதி முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி வையுங்கோ. அத்திவாரம் வெட்ட முதல் கேட்கிற கேள்விக்குத்தான் பலம். கூரை போட்ட பிறகு கேட்டால் அது வெறும் புலம்பல்.